ஆறு நாளில் ஐந்து ஆட்டம்: 1899 செவானி அணி பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டது இதுதான். அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் ஒரு மலைமேல் இருந்த சின்னக் கல்லூரி, 1899இல் ரயிலேறி ஊர் ஊராகப் போய், ஆறே நாளில் ஐந்து பெரிய பல்கலைக்கழக அணிகளை அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தோற்கடித்தது என்று எழுதிய ஒரு படம் உங்கள் குழுவில் சுற்றியிருக்கிறது. அது கதையா நிஜமா? நிஜமென்றால், இன்றைக்கு ஊட்டச்சத்து நிபுணர், மசாஜ், ஐஸ் தொட்டி எல்லாம் இருந்தும் ஏன் வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான் ஆடுகிறார்கள்? கேள்வி இரண்டு. ஆனால் உங்களுக்கு உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து ஆட்கள் இரும்பா, இந்தக் காலத்து ஆட்கள் மெழுகா என்பது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வரலாறு படித்தவன் இல்லை. நாஷ்வில் பக்கம் கல்லூரி வீரர்களுக்கு பிசியோதெரபிஸ்டாகப் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். செவானி என் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அங்கே மலை ஏறிய பழைய ரயில் பாதைக்கு ‘மலை ஆடு’ என்று பட்டப்பெயர். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு இப்போது அதில் ஒரு பகுதியை நடைபாதையாக்கியிருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அதில் நடக்கப் போவேன். அப்படித்தான் இந்த அணியின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. ஆகவே உடம்பு பற்றி நான் சொல்வதை நம்பலாம். மற்றதெல்லாம் ஒரு ரசிகன் படித்துச் சேர்த்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நிஜம்தான். கல்லூரியின் முறையான பெயர் யூனிவர்சிட்டி ஆஃப் த சவுத். எபிஸ்கோபல் திருச்சபையினர் நடத்துவது. ஊர் பெயரான செவானி என்றே எல்லோரும் சொல்வார்கள். 1899 நவம்பர் 9, வியாழக்கிழமை ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தை 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 10-0. அதற்கு மறுநாள் சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. ஞாயிறு ஓய்வு. திங்கள் பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யு. எனும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியை 34-0. செவ்வாய் மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை 12-0. கூட்டினால் 91-0. மொத்தப் பயணம் சுமார் 2,500 மைல், அதாவது 4,000 கிலோமீட்டர். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தோற்ற கல்லூரிகளும் தங்கள் பதிவேடுகளில் இதே எண்களைத்தான் வைத்திருக்கின்றன. ஜெயித்தவன் சொல்வதைவிடத் தோற்றவன் ஒப்புக்கொள்வதுதானே நல்ல சாட்சி.

அந்த வருஷம் முழுக்க அவர்கள் ஆடியது 12 ஆட்டம், ஜெயித்தது பன்னிரண்டும். எடுத்த புள்ளி 322, விட்டது 10. அந்தப் பத்தையும் எடுத்தது ஒரே அணி, ஆபர்ன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஏன் இப்படி ஒரு பயணம்? இங்கேதான் படத்தில் சொல்லாத கதை இருக்கிறது. செவானிக்குப் பக்கத்துப் பெரிய போட்டி அணி நாஷ்வில்லின் வாண்டர்பில்ட். அந்த ஆட்டத்தின் டிக்கெட் வசூல்தான் வருஷச் செலவுக்குக் கை கொடுப்பது. அந்த வசூலைப் பங்கு பிரிப்பதில் தகராறு வந்து, அந்த வருஷ ஆட்டமே நின்றுபோனது. அணியின் மேலாளர் லூக் லீ. அவரும் மாணவர்தான், வயது இருபது. துண்டு விழுந்த பணத்தை எங்கே பிடிப்பது என்று யோசித்தவர், தெற்கே பெரிய ஊர்களில் அடுத்தடுத்து ஆட்டங்களைப் பேசி முடித்தார். ஒரு ரயில் பயணத்துக்குள் எத்தனை வாசல் வசூல் அடங்குமோ அத்தனை. நாடகக் கம்பெனிக்காரர் ஊர் ஊராகக் கொட்டகை போடுகிற கணக்குதான். வீரசாகசம் என்ற பெயரெல்லாம் பின்னால் ஒட்டியது.

இந்த லூக் லீயைப் பற்றி இடையில் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. பின்னாளில் இவர் நாஷ்வில்லில் ‘டென்னஸியன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1911 முதல் 1917 வரை அமெரிக்க செனட்டராக இருந்தார். முதல் உலகப் போரில் கர்னலாகப் போனவர், போர் முடிந்த கையோடு 1919 ஜனவரியில், நெதர்லாந்தில் ஒரு பிரபுவின் மாளிகையில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மனியின் முன்னாள் பேரரசர் கைசரைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சில கூட்டாளிகளோடு காரில் கிளம்பிவிட்டார். மாளிகைக்குள்ளும் போய்விட்டார்கள். கைசர் கிடைக்கவில்லை. கூட வந்தவர் ஒருவர் ஒரு சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்ததுதான் மிச்சம். ராணுவம் கூப்பிட்டுக் கண்டித்தது. ஆறு நாளில் ஐந்து ஆட்டம் என்று இருபது வயதில் கையெழுத்துப் போட்டவர் வேறு எப்படி இருப்பார்?

இப்போது ஆட்டத்தைப் பற்றி. நீங்கள் டிவியில் பார்க்கிற அமெரிக்கன் ஃபுட்பாலை மனதில் வைத்துக்கொண்டு 1899ஐ யோசித்தால் தப்பாகப் போகும். பந்தை முன்னால் எறிகிற ஃபார்வர்ட் பாஸ் அப்போது கிடையாது. அது சட்டத்துக்கு வந்ததே 1906இல். மைதானம் இன்றைய 100 கெஜம் இல்லை, 110. பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு என்பது இன்றைய விதி. அன்று ஐந்து கெஜத்துக்கு மூன்று வாய்ப்பு. பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் டச்டவுனுக்கு ஐந்து புள்ளி, அதன்பின் உதைக்கும் கோலுக்கு ஒன்று. ஆக, பந்து வைத்திருப்பவனை நடுவில் விட்டு, கூட்டாளிகள் பின்னாலிருந்து தள்ளியும் முன்னாலிருந்து இழுத்தும் எதிரணிக் கூட்டத்துக்குள் ஆப்பு மாதிரி செருகுவதுதான் ஆட்டம். கபடியில் பாடி வந்தவனை ஏழு பேரும் சேர்ந்து அமுக்குகிறார்களே, அதை இரண்டு பக்கமும் பதினொரு பேரோடு, மணிக்கணக்கில் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் கட்டாயமில்லை. ஒரு பாதி 35 நிமிடம், ஆனால் இரு தலைவர்களும் பேசிக் குறைத்துக்கொள்வதும் வழக்கத்தில் இருந்தது.

முக்கியமானது மாற்று ஆட்டக்காரர் விதி. வெளியே போனவன் அந்த ஆட்டத்தில் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால் தாக்குதலும் தடுப்பும் உதைப்பதும் அதே பதினொரு பேர்தான். இன்று தாக்குதலுக்கு ஒரு பதினொன்று, தடுப்புக்கு வேறு பதினொன்று, உதைப்பதற்கென்றே தனியாட்கள். செவானி அந்தப் பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது 21 வீரர்கள் என்று பெரும்பாலும் சொல்வார்கள். கேட்டால் ‘ஐயோ, இன்னும் கஷ்டமாச்சே’ என்பீர்கள். ஒரு விதத்தில் ஆமாம். ஆனால் நாள் முழுக்க ஆட வேண்டியவன் தன் மூச்சைக் கணக்காகத்தான் செலவழிப்பான். இன்றைய வீரன் ஐந்தாறு விநாடிக்கு மொத்த பலத்தையும் கொட்டுகிறான், போய் உட்கார்கிறான், மறுபடி வருகிறான். 130 கிலோ எடையுள்ள ஒருவன் இன்னொரு 130 கிலோவை அந்த வேகத்தில் மோதுவதும், 75 கிலோ பையன்கள் குவியலாகத் தள்ளிக்கொள்வதும் உடம்புக்கு ஒன்றல்ல. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பள்ளிக்கூட இயற்பியல்தான். ஓடி வந்து மோதுகிற இடைவெளி அப்போது குறைவு, ஏனென்றால் இரு வரிசைகளும் மூக்கோடு மூக்கு நின்றன. இரண்டுக்கும் நடுவே பந்து நீளத்துக்கு வெற்றிடம் விட வேண்டும் என்ற விதியே 1906இல்தான் வந்தது. குத்து, கடி, விரல் முறிவு இதெல்லாம் அன்று அதிகம். மூளை அதிர்ச்சி எத்தனை பேருக்கு இருந்தது என்று அன்று யாரும் எண்ணவில்லை.

பாதுகாப்பான ஆட்டம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 1897 அக்டோபரில் அட்லாண்டாவில் வர்ஜீனியாவோடு நடந்த ஆட்டத்தில் ஜார்ஜியா அணியின் வான் காமன் என்ற மாணவர் தலையில் அடிபட்டு இறந்தார். மாநில சட்டமன்றம் ஃபுட்பாலையே தடை செய்து மசோதா நிறைவேற்றிவிட்டது. இறந்த பையனின் தாயார், மகனுக்குப் பிடித்த ஆட்டத்தை அவன் பேரைச் சொல்லி நிறுத்தாதீர்கள் என்று எழுதினார். ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. இல்லாவிட்டால், இரண்டு வருஷம் கழித்து அதே அட்லாண்டாவில் ஜார்ஜியாவை 12-0 என்று தோற்கடித்து செவானி தன் பருவத்தைத் தொடங்கியிருக்க முடியாது.

உடம்புக் கணக்கை இனி பார்ப்போம். கடும் உழைப்புக்குப் பிறகு வரும் தசைவலி அன்றே உச்சத்துக்கு வராது. அடுத்த நாள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில்தான் ஆளை முடக்கும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவர்களைக் கேளுங்கள், அன்று ஓடியாடியவன் மறுநாள் காலை படி இறங்கத் தடுமாறுவான். அப்படியானால் வியாழன் ஆடியவனுக்கு வெள்ளி, சனி இரண்டும் மோசமான நாட்கள். இரவுத் தூக்கமோ ரயிலில். ஹூஸ்டனில் மாலை ஆட்டத்தை முடித்து, மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் இறங்க 560 கிலோமீட்டர் அளவுக்குப் போயாக வேண்டும். அணியோடு கேல் பர்ரோஸ் என்ற கறுப்பின உடல் பராமரிப்பாளர் ஒருவர் போனார். வீரர்களின் கால்களைப் பிடித்துவிட்டு மறுநாளுக்குத் தயார் செய்தது அவர். இன்று என் தொழில் அதுதான், அதனால் இந்தக் கதையில் என் கண் முதலில் போவது அவரிடம். வெள்ளை மாணவர்கள் மட்டுமே ஆட முடிந்த அந்தக் காலத்தில், அவர் பெயர் பல புகழுரைகளில் வருவதே இல்லை.

புள்ளிகளை வரிசையாகப் பாருங்கள்: 12, 10, 23, 34, 12. அதிக புள்ளி வந்தது ஞாயிறு ஓய்வுக்கு மறுநாள். இரண்டாவது நாளும் கடைசி நாளும் இளைத்துத் தெரிகின்றன. களைப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் எதிரணியின் தரமும் இதில் கலந்திருக்கிறது. டெக்சஸ் அந்த வருஷம் இரண்டே ஆட்டத்தில்தான் தோற்றது. டுலேன் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. ஆகவே இந்த எண்களை வைத்து உடலியல் பாடம் நடத்துவது ஜோசியம் மாதிரி ஆகிவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு மயக்கம், அந்த எதிரணிகளின் பெயர். டெக்சஸ், எல்.எஸ்.யு. என்றதும் லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம் நம் கண்ணில் வருகிறது. 1899இல் அப்படி எதுவும் இல்லை. டெக்சஸ், டுலேன், எல்.எஸ்.யு., மிசிசிப்பி நான்குமே ஃபுட்பால் ஆடத் தொடங்கியது 1893இல், ஏ அண்ட் எம் 1894இல். செவானி 1891இலேயே தொடங்கிவிட்டது. பயிற்சியாளர் பில்லி சூட்டர், ஆட்டம் ஏற்கனவே ஊறிப்போயிருந்த பிரின்ஸ்டனில் பழகியவர். இந்த இரண்டு வருஷ முன்தொடக்கமும் வடகிழக்கிலிருந்து வந்த பயிற்சியும் அன்றைக்குப் பெரிய மூலதனம். படம் சொல்கிற ‘சின்னக் கல்லூரி பெரிய கல்லூரிகளை வென்றது’ என்பது நமது காலத்து அளவுகோலைப் பின்னால் கொண்டுபோய் வைப்பது.

கதையாகச் சொல்லப்படுபவையும் உண்டு. ஆட்டக்காலணிகள் செவானி நடைமேடையிலேயே நின்றுவிட்டன, தந்தி அடித்து அடுத்த ரயிலில் வரவழைத்தார்கள் என்பார்கள். வெளியூர்த் தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும் என்று மலை ஊற்றுநீரை இரண்டு பீப்பாயில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பார்கள். சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறுகிறது. காலணிக் கதையை நான் பாதி நம்புகிறேன். தண்ணீர்க் கதையை முழுசாக நம்பலாம் என்று தோன்றுகிறது, காரணம் அந்தக் காலத்துத் தெற்கு ஊர்களில் குடிநீரால் வரும் காய்ச்சல் சாதாரணம். இன்றும் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் அணியில் பாதிப் பேரைப் படுக்கவைப்பது மோதல் அல்ல, வயிற்றுப்போக்குதான்.

அணித் தலைவர் ஹென்றி சீபல்ஸ், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஹாஃப்பேக் ஆட்டக்காரர். ஆஸ்டின் ஆட்டத்தில் இவருக்குத் தலை பிளந்தது. கட்டுப்போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடினார். இதை வீரம் என்று அங்கே இன்றும் சொல்வார்கள். என் முன்னால் ஒரு பையன் அப்படி வந்து நின்றால் அவன் ஹெல்மெட்டை வாங்கி நான் வைத்துக்கொள்வேன். ஐந்து வார்த்தை சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வேன், ஒற்றைக் காலில் நிற்கவைப்பேன், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் அவ்வளவுதான். முன்பு ஒரு கல்லூரியில் ஒரு பயிற்சியாளர் என்னிடம் ‘அந்தக் காலத்தில் தலை உடைந்தும் ஆடினார்கள்’ என்று இதே கதையைச் சொல்லி ஒரு பையனைத் திரும்பக் கேட்டார். நான் அவருக்கு ஆர்மண்ட் சிம்கின்ஸ் கதையைச் சொன்னேன். சிம்கின்ஸ் அந்த அணியின் ஃபுல்பேக். கூட்டத்தை உடைத்துக்கொண்டு போவதும், தொலைதூரம் பந்தை உதைப்பதும் அவர்தான். கல்லூரியில் வாங்கிய காயங்கள் முற்றி, பிற்காலத்தில் இரண்டு கால்களையும் எடுக்க வேண்டிவந்தது என்றே அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1921இல் இறந்தார், நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒருவரின் காலை இன்று நான் பரிசோதிக்க முடியாது, அதனால் ஃபுட்பால்தான் முழுக் காரணம் என்று மருத்துவனைப் போலச் சான்றிதழ் தர மாட்டேன். ஆனால் அந்தப் பயிற்சியாளர் அதற்குமேல் பேசவில்லை.

ஆபர்ன் ஆட்டத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்றேனே. நவம்பர் 30, நன்றிநவிலல் நாள், மான்ட்காமரி நகரம். சீபல்ஸுக்குச் சொந்த ஊர். எதிரணிப் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த முயற்சியைத் தொடங்கிவிடும் வேகம் அவர் அணிக்கு. ஸ்கோர் 11-10. இந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள். பத்து என்றால் இரண்டு ஐந்து, பதினொன்று என்றால் இரண்டு ஐந்தும் ஒரு ஒன்றும். டச்டவுனுக்குப் பிறகு உதைத்த ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். அந்த ஒரு உதை கம்பத்துக்கு வெளியே போயிருந்தால் உங்கள் படத்தில் ‘தோல்வியே காணாத’ என்று மட்டும் இருந்திருக்கும், ‘எல்லாவற்றிலும் வெற்றி’ என்று இருந்திருக்காது. ஹைஸ்மன் நடுவரைக் குற்றம் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதினார். அதன்பின் இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 2 அன்று அட்லாண்டாவில் வட கரோலினாவை 5-0 என்று வென்றார்கள். புகழெல்லாம் ரயில் பயணத்துக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால் இந்தக் கடைசி இரண்டு ஆட்டமும்தான் அந்த அணியின் தரத்துக்கு உரைகல்.

அந்த வருஷம் நாட்டிலேயே சிறந்த அணி செவானியா என்று யாராவது கேட்டால், நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. அன்று தேசியக் கோப்பை எதுவும் கிடையாது. பின்னால் கணக்குப் போட்டுப் பட்டம் கொடுத்தவர்களில் பலர் ஹார்வர்டுக்குக் கொடுத்தார்கள். அந்த வருஷம் ஹார்வர்டும் தோற்கவில்லை, யேலோடு மட்டும் 0-0 என்று சமன். செவானியும் ஹார்வர்டும் மோதவே இல்லை. பக்கத்து வாண்டர்பில்ட்டோடு கூட ஆடவில்லை. தெற்கில் சிறந்தது செவானி என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடிப் பதில்: இன்றைய பையன்களாலும் முடியும். 1899 விதியில், 1899 எடையில், 1899 வேகத்தில், அடிபட்டவனை யாரும் கணக்கெடுக்காத நிலையில் ஆடச் சொன்னால் முடியும். இன்றைய எடையிலும் வேகத்திலும் ஆறு நாளில் ஐந்து ஆட்டம் வைத்தால் மூன்றாம் நாள் களத்தில் இறக்க ஆள் இருக்காது. ஆட்டம் முடிந்து நான்காம் நாள்கூடக் கழுத்தைத் திருப்ப முடியாமல் மேசையில் படுத்திருக்கும் பையன்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

அந்தக் கல்லூரி பின்னால் என்ன ஆனது என்றும் பலர் கேட்பார்கள். 1932இல் தெற்குப் பல்கலைக்கழகங்களின் லீக்கான தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் உருவானபோது செவானியும் ஒரு நிறுவன உறுப்பினர். அங்கே ஆடிய 37 லீக் ஆட்டத்திலும் தோற்று, 1940இல் வெளியே வந்துவிட்டது. இப்போது விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவில், இலை உதிரும் காலத்துச் சனிக்கிழமைகளில், அதே மலைமேல் ஆடுகிறது.

படம் அனுப்பியவரிடம் இரண்டு திருத்தம் மட்டும் சொல்லிவிடுங்கள். ‘ஏழாம் நாள் ஓய்வெடுத்தார்கள்’ என்று பைபிள் பாணியில் ஒரு வரி அதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அப்புறம், ‘ஒரு புள்ளிகூட விடவில்லை’ என்பது அந்த ஐந்து ஆட்டத்துக்குத்தான் பொருந்தும். வருஷக் கணக்கில் ஆபர்னின் பத்து புள்ளி இருக்கிறது.